பி1 சோதனை பாஸ் பண்ணியும் இத்தாலிய நாவல் விளங்கவில்லை, எங்கிருந்து தொடங்கலாம்?

மலையடிவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில் 14 வருடமாக இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். பகலில் வயதான ஒரு சின்யோராவை, அதாவது ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடியுரிமைக்காகப் போன வருடம் பி1 என்ற நடுத்தர நிலை இத்தாலிய மொழிச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினேன். கடையில், டாக்டரிடம், மகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாம் துணைக்கு ஆள் இல்லாமல் கதைப்பேன். தொலைக்காட்சிச் செய்தி முக்கால்வாசி விளங்கும்.

ஆனால் புத்தகம் விளங்குதில்லை.

மகள் லிச்சேயோவில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், இரண்டாம் வருடம். இந்த வருடம் அவர்களுக்கு மன்ஸோனியின் 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி', 'நிச்சயிக்கப்பட்ட மணமக்கள்' என்ற பழைய நாவல். அடுத்த வருடம் தாந்தேயின் கவிதை தொடங்குமாம். சாப்பாட்டு மேசையில் அவள் ரென்ஸோ, லூச்சியா, தோன் அப்போந்தியோ என்று பக்கத்து வீட்டு ஆட்களைப் போலக் கதைக்கிறாள். நான் தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன படிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை என்பது எனக்குச் சரியான கவலை.

ஒரு இரவு அவள் படுத்த பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முதல் வசனம் கோமோ ஏரியைப் பற்றியது. அது முடியும் இடத்தைத் தேடிக் கண் கீழே கீழே போகிறது. ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரைப் பக்கம். தெரியாத சொல்லை எல்லாம் கொப்பியில் எழுதி அர்த்தமும் எழுதினேன். சொல்லுக்குச் சொல் அர்த்தம் இருக்கிறது, வசனம் மட்டும் விளங்கவில்லை.

சரி, இது பழைய புத்தகம் என்று சின்யோராவின் அலுமாரியிலிருந்து இந்தக் காலத்து நாவல் ஒன்றை இரவல் வாங்கினேன். அதிலே வேறு பிரச்சினை. ஆட்கள் கதைக்கும் இடத்தில் எல்லாம் 'கியேஸே' என்று வருகிறது. எனக்குத் தெரிந்த கியேஸே என்றால் கோயில்கள், தேவாலயங்கள். பலெர்மோவில் தெருவுக்குத் தெரு இருக்கிறதே. ஒரு கணவனும் மனைவியும் சமையலறையில் சண்டை பிடிக்கும் இடத்தில் தேவாலயங்கள் ஏன் வருகின்றன என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மகள்தான் சொன்னாள், அது 'கேட்டான்' என்ற வினை என்று. அகராதியில் 'ஃபேச்சே' என்று தேடினால் இல்லை, 'திஸ்ஸே' இல்லை. சோதனைக்குப் படித்தபோது இந்தக் காலத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று. 'திஸ்ஸே' என்றால் சொன்னானா, சொன்னாளா? நம் மொழியில் வினையே சொல்லிவிடும். இங்கே ஆள் பெயரையும் எழுதமாட்டார்கள், வினையிலும் ஆண் பெண் இல்லை. நாலு வரி உரையாடல் தாண்டினால் யார் கதைக்கிறார்கள் என்றே தெரியாமல் போகிறது.

எனக்கு ஒவ்வொரு இரவும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. வகுப்புக்குப் போக நேரமில்லை. கடைசியில் மன்ஸோனியைப் படிக்க வேண்டும், அதுதான் ஆசை. இடையில் எதைப் படிக்கலாம், எப்படிப் படிக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொலோஞ்யா வாசகன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் மதுரைக்காரன், இப்போது பொலோஞ்யாவில் மொழிபெயர்ப்பு வேலை. அதற்கு முன் மூன்று வருடம் பலெர்மோவில் படித்தேன். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

உங்களுக்குச் சொல் பற்றாக்குறை இல்லை. உங்களை மறிப்பது 'பஸ்ஸாத்தோ ரெமோத்தோ' என்ற அந்த இறந்தகாலம். கதை சொல்லும் இத்தாலியன் பெரும்பாலும் அதில்தான் நடக்கும். பொலோஞ்யாவில் தெருவில் ஒருவரும் அதைப் பேசுவதில்லை. நேற்று நடந்ததும் பத்து வருடத்துக்கு முன் நடந்ததும் எல்லாமே 'ஓ ஃபாத்தோ' (செய்தேன்), 'ஸோனோ அந்தாத்தோ' (போனேன்) என்ற பேச்சு இறந்தகாலம்தான். இங்கே வந்து மொழி கற்பவர்கள் ரெமோத்தோவைப் புத்தகத்தில் மட்டுமே சந்திக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் இருப்பது பலெர்மோ. காலையில் வேலைக்குப் போனதும் சின்யோரா உங்களிடம் என்ன கேட்பார்? 'மஞ்ஜாஸ்தி?' என்று கேட்பாரா இல்லையா? நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா' மாதிரி. ஏதாவது விளக்கிவிட்டு 'கப்பீஸ்தி?', புரிந்ததா, என்பாரா? அதுதான் அக்கா பஸ்ஸாத்தோ ரெமோத்தோ! சிசிலிக்காரர்கள் இப்போதுதான் நடந்ததைக்கூட அந்தக் காலத்தில்தான் சொல்வார்கள். 14 வருடமாக அது உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. வடக்கில் இருக்கும் எனக்கு இப்போது அந்தப் பாக்கியம் இல்லை.

நமக்கு இது புதிய சங்கதியும் இல்லை. 'அவர்கள் வந்தனர்' என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. ஆனால் பத்திரிகையில் 'வந்தனர்' என்று வந்தால் யாரும் தடுக்கி விழுவதில்லை. எழுத்துக்கு ஒரு வினை, வாய்க்கு ஒரு வினை என்று வைத்துக்கொண்டு இரண்டையும் சிறு வயதிலிருந்து புழங்குகிறோம். 'வென்னேரோ' என்பதை அப்படி ஒரு 'வந்தனர்' என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, முழு வாய்பாட்டையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒழுங்கு மாறும் வினைகளில் பெரும்பாலானவை ஆறு வடிவத்தில் மூன்றில் மட்டும்தான் மாறும்: நான், அவன் அல்லது அவள், அவர்கள். கியேஸி, கியேஸே, கியேஸெரோ. மற்ற மூன்றும் 'கியெதேரே'யிலிருந்து ஒழுங்காக வரும்: கியெதேஸ்தி, கியெதெம்மோ, கியெதேஸ்தே. நாவலில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் படர்க்கைதான் என்று நினைத்தே தொடங்கலாம். ஆகவே 'அவன்/அவள்' வடிவத்தை மட்டும் ஒரு நாற்பது சேருங்கள். ஃபேச்சே செய்தான், திஸ்ஸே சொன்னான், வீதே பார்த்தான், மீஸே வைத்தான், ப்ரேஸே எடுத்தான், வென்னே வந்தான், தாக்வே பேசாமல் இருந்தான், நாக்வே பிறந்தான். பக்கத்தில் அகராதி வடிவத்தையும் எழுதுங்கள்: ஃபாரே, தீரே, வெதேரே, மெத்தெரே. இந்த நாற்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டு வாரத்தில் வசப்படும். அப்புறம் மீதி வடிவங்களைச் சாடையிலேயே பிடித்துவிடுவீர்கள்.

எதைப் படிப்பது? நத்தாலியா ஜின்ஸ்புர்க் என்ற எழுத்தாளரை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அவர் பிறந்தது உங்கள் பலெர்மோவில்தான், 1916இல். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் தூரினுக்குப் போய்விட்டது. அவருடைய 'லே பிக்கோலே விர்த்தூ' என்ற கட்டுரைத் தொகுப்பு 1962இல் வந்தது. அதில் 'இன்வெர்னோ இன் அப்ரூட்ஸோ', அதாவது 'அப்ரூட்ஸோவில் ஒரு குளிர்காலம்', முதலில் அதைப் படியுங்கள். சில பக்கம்தான். முக்கால்வாசி 'இம்பெர்ஃபெத்தோ'வில் போகும், 'போவோம், வருவோம், கேட்பார்கள்' என்று வழக்கமாக நடந்ததைச் சொல்லும் காலம். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாக்கியமும் குட்டை. சொற்கள் எல்லாம் சமையலறை, பனி, அடுப்பு, பிள்ளைகள்.

அதன் கதையை நான் சொல்லக்கூடாது. ஒன்று மட்டும்: பாசிச அரசு அவருடைய கணவரை ஊர்கடத்தி வைத்த கிராமத்தைப் பற்றியது அது. கடைசிப் பத்தியை பஸ்ஸில் வைத்துப் படிக்காதீர்கள், வீட்டில் படியுங்கள்.

படிக்கும் முறை: முதல் தடவை அகராதியைத் தொடாதீர்கள், பென்சிலால் கோடு மட்டும். இரண்டாம் தடவை ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல் பாருங்கள், ஆறாவது வேண்டாம். மூன்றாம் தடவை சத்தமாக. 'சொன்னானா சொன்னாளா' குழப்பத்துக்கும் சத்தம்தான் மருந்து. இரண்டு குரல் மாற்றிப் படித்தால் யாருடைய முறை என்று தானே தெரியும். அது சரிவராத இடத்தில் பென்சிலால் ஓரத்தில் அ, ஆ என்று போட்டுக்கொள்ளுங்கள், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

தூரினில் ஒரு மாணவி எழுதியது:

அக்கா, நான் இங்கே பொறியியல் முதுகலை. என் இத்தாலியன் உங்களுடையதைவிடக் குறைவு, அதனால் இலக்கணம் சொல்ல மாட்டேன். நான் முழுதாக முடித்த முதல் நாவலைச் சொல்கிறேன்: நிக்கொலோ அம்மனித்தியின் 'இயோ நோன் ஓ பவூரா', 2001இல் வந்தது. 'எனக்குப் பயமில்லை' என்று அர்த்தம். 1978 கோடையில், நான்கைந்து வீடு மட்டும் உள்ள ஒரு கற்பனைக் கிராமத்தில், மிக்கேலே என்ற ஒன்பது வயதுப் பையன் பாழடைந்த வீட்டருகே ஒரு குழியில் இன்னொரு பையனைக் கண்டுபிடிக்கிறான். அந்தப் பையனே தன் வாயால் சொல்லும் கதை. முக்கியமான விஷயம், முதல் வரியிலேயே 'ஓ ஸெந்தீத்தோ' (கேட்டேன்) வருகிறது, நாம் தெருவில் பேசும் இறந்தகாலம்! ரெமோத்தோ பயம் இல்லாமல் ஓடலாம். எனக்கு 19 நாள் ஆனது. கடைசி 50 பக்கம் ஒரே இரவு.

மேலே அண்ணா சொன்ன 'அகராதியைத் தொடாதே' எனக்கு ஒத்துவரவில்லை. தெரியாத சொல்லை விட்டுவிட்டுப் போனால் எனக்கு மனசு அங்கேயே நிற்கும். நான் கைபேசியில் த்ரெக்கானி அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன், அது இலவசம். வேகம் குறைந்தது, பரவாயில்லை. இந்த நாவலை கப்ரியேலே ஸல்வத்தோரெஸ் 2003இல் படமாகவும் எடுத்தார். படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படித்ததால் யார் யார் என்ற குழப்பம் எனக்கு வரவே இல்லை. முடிவு தெரிந்துவிடுமே என்று நினைக்காதீர்கள், மொழி கற்கும்போது முடிவு தெரிந்திருப்பது பெரிய உதவி.

இத்தாலிய அரசு வானொலியான ரை ரேடியோ 3இல் 'அத் அல்தா வோச்சே' என்று ஒரு நிகழ்ச்சி, நடிகர்கள் நாவலை வாசிப்பார்கள். பழையது பலவும் அவர்களுடைய செயலியில் கேட்கலாம். சமைக்கும்போது போட்டுவிடுங்கள்.

பல்லாரோ எழுதியது:

தங்கச்சி, நானும் பலெர்மோதான், 27 வருடம். எங்கட கடைக்கு எதிரே பனெல்லே விற்கிறவர் இருக்கிறார். கடலைமா வடை மாதிரி, பாணுக்குள்ளே வைத்துத் தருவாரே, அதுதான். லியோனார்தோ ஷாஷாவின் 'இல் ஜோர்னோ தெல்லா சிவேத்தா' என்ற நாவல் 1961இல் வந்தது. அது ஒரு சதுக்கத்தில், பலெர்மோ போகும் பஸ் புறப்படும் நேரத்தில் தொடங்கும். ஒரு ஆளைச் சுட்டு விடுகிறார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவி விடுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு பனெல்லேக்காரர் நிற்கிறார். அவரை விசாரிக்கும் இடத்தை நான் கடையில் நின்றபடி படித்தேன். தலையை நிமிர்த்தினால் எதிரே அவரே நிற்கிற மாதிரி இருந்தது. விசாரிக்க வரும் கப்பித்தானோ, பொலிஸ் அதிகாரி, வடக்கே பார்மாவிலிருந்து வந்தவர், சிசிலி அவருக்கு விளங்காத நாடு. நாங்கள் வந்து இறங்கிய காலத்தில் எங்களுக்கு எப்படி இருந்ததோ, அவருக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் ஷாஷாவின் வசனம் இறுக்கம். முதலில் அவருடைய 'ஊனா ஸ்தோரியா ஸெம்ப்லிச்சே' எடுங்கள். 1989இல், அவர் காலமான வருடத்தில் வந்தது. மெல்லிய புத்தகம், இரண்டு கிழமை போதும்.

கமில்லேரியின் மொந்தல்பானோ துப்பறியும் கதைகளை எல்லோரும் சொல்வார்கள். அவர் எழுதுவது சிசிலிப் பேச்சும் இத்தாலியனும் கலந்தது. 'தலியாரே' என்றால் பார்ப்பது, 'த்ரஸீரே' என்றால் உள்ளே வருவது. சந்தையில் 'தலீயா!' என்று கத்துவது எங்களுக்குப் பழக்கம்தானே. எனக்கு அது வாசிக்க நல்ல சந்தோசம். ஆனால் அதிலிருந்து எழுத்து இத்தாலியன் பழக வேண்டாம், மகளின் கட்டுரையில் போய் நிற்கும்.

மலையடிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும், படித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது ஐந்து கிழமை ஆகிவிட்டது.

தம்பி எழுதியதைப் பார்த்த அடுத்த நாள் காலை கதவைத் திறந்து உள்ளே போனேன். சின்யோரா கதிரையில் இருந்தபடி 'மஞ்ஜாஸ்தி?' என்றார். நான் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். இத்தனை வருடமாகக் காதில் விழுந்த சொல். அன்று பின்னேரம் அவர் மருந்து குடித்த பிறகு இந்த நாற்பது வினைப் பட்டியலை அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றையும் அவர் சத்தமாக வாசித்தார். 'தாக்வே' வந்ததும் இது அழகான சொல் என்று இரண்டு தடவை சொன்னார். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவர் வாசிப்பார், நான் கேட்பேன். கண் களைத்துவிட்டால் நான் வாசிப்பேன், அவர் திருத்துவார்.

ஜின்ஸ்புர்க்கின் கட்டுரையை மூன்று தடவை படித்தேன், தம்பி சொன்னபடியே. அப்ரூட்ஸோவில் இரண்டே பருவம்தான், கோடையும் குளிர்காலமும் என்று தொடங்குகிறது. அந்த ஊர்ச் சனங்கள் அவர்களைப் பார்த்து எப்போது உங்கள் வீடுகளுக்குத் திரும்பிப் போவீர்கள் என்று கேட்கிறார்கள். போர் முடிந்ததும் என்கிறார் கணவர். போர் எப்போது முடியும், நீங்கள் படித்தவராயிற்றே என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்த வசனங்களுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தபோது அப்பாவிடமும் இதைத்தான் கேட்டார்கள், அவரும் வாத்தியார். கடைசிப் பத்தியை வீட்டில்தான் படித்தேன்.

அம்மனித்தி இப்போது 140ஆம் பக்கம். தங்கச்சி சொன்னது உண்மை, ஓடுகிறது. அகராதி விசயத்தில் நான் இடையில் நிற்கிறேன். அம்மனித்திக்கு அகராதி எடுப்பதில்லை, ஜின்ஸ்புர்க்குக்கு எடுப்பேன். ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏன் நிற்கிறது என்று தெரிய வேண்டும்போல இருக்கிறது. ஷாஷாவை அண்ணர் சொன்ன ஒழுங்கில் பிறகு எடுப்பேன்.

மன்ஸோனியையும் விடவில்லை. முழுப் புத்தகம் 38 அதிகாரம், அது ஆறுதலாகப் போகட்டும். மகளிடம் உனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு வாசி என்றேன். எட்டாம் அதிகாரத்தின் முடிவை எடுத்தாள். லூச்சியாவும் தாயும் ரென்ஸோவும் இரவில் படகில் ஏரியைக் கடந்து ஊரை விட்டுப் போகிறார்கள். லூச்சியா மனதுக்குள்ளே எல்லாவற்றிடமும் விடைபெறுகிறாள். முதலில் தண்ணீரிலிருந்து எழும்பும் மலைகளிடம். பிறகு பிறந்த வீட்டிடம். அதற்குப் பிறகு ஒரு வசனம் வருகிறது, 'காஸா அங்கோரா ஸ்த்ரானியேரா', இன்னும் அந்நியமான வீடு, என்று. அதில் மகளை நிறுத்தச் சொன்னேன்.

ஸ்த்ரானியேரா என்ற சொல்லை இந்த நாட்டில் வந்து இறங்கிய கிழமையே எனக்குத் தெரியும். விசாப் புதுப்பிக்கப் போகும் அலுவலகக் கதவில் எழுதியிருக்கும். படிவத்தில் இருக்கும். எனக்கு அது வரிசையில் நிற்கிற சொல். இங்கே அது ரென்ஸோவின் வீடு. அவள் கலியாணம் கட்டிப் போக இருந்த வீடு, இன்னும் அவளுடையதாக ஆகாத வீடு. அந்த வழியால் போகும்போதெல்லாம் முகம் சிவக்கக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவாளாம். 'ஸொக்வர்தாத்தா' என்று ஒரு சொல் போட்டிருக்கிறார், கள்ளமாகப் பார்த்த என்று மகள் அர்த்தம் சொன்னாள்.

நான் அவளுக்கு எங்கட நல்லூர் வீட்டைப் பற்றிச் சொன்னேன். கலியாணத்துக்கு முதல் நானும் அவளுடைய அப்பாவின் வீட்டு ஒழுங்கையால் சைக்கிளில் போகும்போது படலையைத் திரும்பிப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். இதை அவளுக்கு நான் முன்பு சொன்னதே இல்லை. தமிழில்தான் சொன்னேன், 'படலை' என்றால் என்ன என்று கேட்டாள்.

நாளைக்கு ஒன்பதாம் அதிகாரம் தொடங்குகிறோம். தம்பி, அதில் மொன்ஸாக் கன்னியர் மடத்துப் பெண்ணின் கதை வருமாம், வசனம் இன்னும் நீளம் என்று மகள் பயமுறுத்துகிறாள். அதற்கு முதல் எதையாவது பார்த்துவைக்க வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.